பெட்டி வாங்கும் முன் பன்னிரண்டு தட்டிப் பாருங்கள்

அரியாங்குப்பத்தில் இருக்கும் என் தங்கை மகன் மூன்று மாதமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான். “மாமா, க்ரூவ்பாக்ஸ் வாங்கப் போறேன், எது நல்லது?” தாளத்தையும் மெட்டையும் சுற்றவிட்டு வாசிக்கும் மின்னணு இசைப் பெட்டி அது. ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு பெட்டியின் படம் வரும். கூடவே கணக்கு: இதில் இத்தனை ஒலி, அதில் இத்தனை எஃபெக்ட், இன்னொன்றில் இத்தனை ஜிபி. “உன் மனசுல ஓடற ஒரு தாளத்தை வாயால சொல்லி, போன்ல பதிவு பண்ணி அனுப்புடா” என்றேன். இரண்டு வாரம் ஆளைக் காணோம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம், அம்மன் கோயில் திருவிழா. புளியமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவன் நான். இன்றும் அதே தொழில்தான், பலகையில் மட்டும் ‘சவுண்ட் சர்வீஸ்’ என்று எழுதியிருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமைகளில் பாண்டிச்சேரியில் சின்னச் சின்ன இடங்களில் நானே பெட்டி வைத்து ஆட்ட இசை வாசிக்கிறேன். லேப்டாப் கிடையாது. இதுவரை ஆறு பெட்டி வாங்கி நாலு கைவிட்டுப் போயிற்று. அந்த நஷ்டக் கணக்கைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தாளம், பேஸ், மெட்டு, சாம்பிள் (பதிவு செய்த ஒலித் துண்டு) எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்கிச் சுற்றவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றி வாசிப்பதுதான் க்ரூவ்பாக்ஸ். 1996இல் ரோலண்ட் தன்னுடைய எம்சி-303க்கு வைத்த பெயர் அது. ஜெராக்ஸ் மாதிரி பிறகு எல்லாருக்கும் பொதுப் பெயராகிவிட்டது. பரம்பரை இன்னும் பழசு: 1980இல் ரோலண்டின் டிஆர்-808 தாளப் பெட்டி, 1983இல் டிஆர்-909, 1988இல் ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி60. இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு என்று யாராவது சொன்னால், மும்பையில் சரண்ஜித் சிங் 1982இலேயே 808ஐயும் டிபி-303 என்ற பேஸ் பெட்டியையும் வைத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டு போட்டதைச் சொல்லுங்கள்.

சரி, தேர்வுக்கு வருவோம்.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரு சுற்றை 16 படியாக வெட்டுகின்றன. கிக், அதாவது பெரிய ட்ரம் அடி, 1, 5, 9, 13 ஆகிய படிகளில். கிளாப் 5லும் 13லும். ஹைஹாட், அதாவது சிங்கி ஓசை, நடு நடுவே 3, 7, 11, 15இல். வேகம் 124 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 124 அடி. ஹவுஸ் என்ற ஆட்ட இசையின் தரை தயார். கடையில் இருக்கும் மிக மலிவான பெட்டியும் இதை ஒரு நிமிடத்தில் செய்துவிடும். விளம்பர வீடியோக்களில் எல்லாரும் செய்து காட்டுவதும் இதைத்தான். எல்லாப் பெட்டியும் பாஸாகும் பரீட்சையை வைத்து எந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது?

நான் வைக்கும் பரீட்சை பன்னிரண்டு. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையிலோ எங்கள் தேவனாம்பட்டினத்திலோ நின்றிருந்தால் இது உங்கள் காதில் இருக்கும். தீர்த்தவாரிக்குச் சாமிகள் வரிசையாக இறங்கும்போது பம்பைக்காரர் வேகம் கூட்டுவார். தாளம் நாலு நாலாகப் போகாமல் மூன்று மூன்றாகப் புரளும்: தகிட, தகிட, தகிட, தகிட. மொத்தம் பன்னிரண்டு. நம் ஊர்க் குத்துக்கு இடுப்பு தானாக ஆடுவது இந்த மூன்றால்தான்.

கிக்கை அப்படியே ஹவுஸ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ட்ராக்கில் (ஒரு கருவிக்கான தனி வரி) மட்டும் சுற்றின் நீளத்தை 16இலிருந்து 12ஆகக் குறையுங்கள். அந்த ட்ராக்கின் வேகத்தை ட்ரிப்லெட்டுக்கு மாற்றுங்கள், அதாவது ஒரு அடிக்கு மூன்று படி. அதில் 1, 4, 7, 10இல் விழும் அடிகள் கிக்கோடு பொருந்திவிடும், மற்ற எட்டுப் படிகளும் கிக்குகளுக்கு நடுவில் புரளும். கீழே ஹவுஸ், மேலே பம்பை. இதைச் செய்ய எத்தனை பட்டன் அழுத்த வேண்டியிருக்கிறது, ஓடும்போதே முடிகிறதா, நிறுத்திவிட்டு மெனுவுக்குள் போக வேண்டுமா என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்களுக்கும் அந்தப் பெட்டிக்கும் உள்ள தூரம். ஒலிகளின் எண்ணிக்கையை வேண்டுமானால் மெமரி கார்டு போட்டு ஏற்றிவிடலாம். இந்தத் தூரத்தை எந்தக் கார்டாலும் குறைக்க முடியாது.

பன்னிரண்டு பாஸானால் அடுத்து ஏழு. மிஸ்ர சாப்பு மாதிரி ஒரு ட்ராக்கை 7 படிக்கு வெட்டி, 16 படிக் கிக்கின் மேல் ஓடவிடுங்கள். இரண்டும் மறுபடி ஒன்றாக முதல் படியில் வந்து விழ 112 படி ஆகும், அதாவது ஏழு சுற்று. 124 பிபிஎம்மில் பதிமூன்றரை வினாடி. ஒரே ஒரு வரியை எழுதிவிட்டு, பதிமூன்றரை வினாடிக்குத் தன்னால் மாறிக்கொண்டே இருப்பதை உட்கார்ந்து கேட்கலாம். ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனி நீளம் தரும் பெட்டியில்தான் இது நடக்கும். எல்லா ட்ராக்குக்கும் ஒரே நீளம் என்று கட்டிப்போடும் பெட்டி என் கைக்கு ஒத்துவருவதில்லை.

ஸ்விங், அதாவது 2, 4, 6 என்ற இரட்டைப்படைப் படிகளைச் சற்றுத் தாமதமாக விழவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 50 சதவீதம் என்றால் நேர் கோடு. 66ஐத் தொட்டால் முழு ட்ரிப்லெட். ஹவுஸுக்கு 54 பக்கம் வைத்தால் அந்தப் படிகளில் வைத்த ஹைஹாட் லேசாகச் சாய்ந்து உட்காரும். சில பெட்டிகளில் ஸ்விங் மொத்தத்துக்கும் ஒன்றுதான். அந்தப் படிகளில் வைத்த கிக்கும் சேர்ந்து சாயும்போது, குடித்துவிட்டு நடப்பவன் மாதிரி ஆகிவிடும். ட்ராக்குக்கு ட்ராக் தனியாக வைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

இனி பெட்டிகள். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை, என் கைபட்டவற்றை மட்டும்.

டீனேஜ் இன்ஜினியரிங்கின் பிஓ-33 கால்குலேட்டர் அளவுதான் இருக்கும். மூடிகூடக் கிடையாது, சர்க்யூட் போர்டு அப்படியே தெரியும். இரண்டு சின்ன பேட்டரியில் ஓடும், உள்ளேயே மைக் உண்டு, சாம்பிளுக்கு மொத்தம் 40 வினாடி இடம். நாற்பதா என்று சிரிக்காதீர்கள். 120 பிபிஎம்மில் அது 20 சுற்று. ஒரு பம்பை அடிக்கு அரை வினாடி போதும். 16 படிதான், நீளத்தைக் குறைக்க வழியில்லை. ஆனால் எஃபெக்டுகளில் 6/8க்கு மாற்றும் ஒன்று இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஹவுஸ் குத்தாக மாறும், விட்டால் திரும்பிவிடும். விலைக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

நோவேஷன் சர்க்யூட் ட்ராக்ஸ், 2021. சின்த் (ஒலியைத் தானே உருவாக்கும் பகுதி) இரண்டு, ட்ரம் நாலு, வெளிக் கருவிகளுக்குச் சைகை அனுப்பும் மிடி ட்ராக் இரண்டு. திரையே இல்லை, வண்ணம் வண்ணமாக எரியும் 32 பேடுகள்தான். திரை இல்லாதது குறை என்று முதலில் நினைத்தேன். இருட்டான இடத்தில் வாசிக்கும்போதுதான் அது வரம் என்று தெரிந்தது, கண் நிறத்தை மட்டும் பார்த்தால் போதும். பன்னிரண்டு பரீட்சையில் நன்றாகவே பாஸாகும்: சுற்றின் தொடக்கம், முடிவு, ட்ரிப்லெட் எல்லாம் அந்தந்த ட்ராக்குக்குத் தனி. ஆனால் அதுவே நேரடியாக சாம்பிள் எடுக்காது, கணினி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். நேரடியாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அதன் உடன்பிறப்பான சர்க்யூட் ரிதம் இருக்கிறது, அதில் சின்த் கிடையாது. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி.

எலக்ட்ரான் டிஜிடாக்ட்தான் இப்போது என் முதல் பெட்டி. ஸ்வீடன்காரர்கள் செய்வது. 2017இல் வந்த முதல் மாடலில் எட்டு ஆடியோ ட்ராக், எட்டு மிடி ட்ராக், 64 படி. 2024இல் வந்த இரண்டாவதில் 16 ட்ராக், 128 படி, ஸ்டீரியோ சாம்பிள். இதன் உயிர் ஒரு விஷயத்தில் இருக்கிறது: ஒரு படியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒரு குமிழைத் திருப்பினால் அந்தப் படிக்கு மட்டும் அந்த மாற்றம் பதியும். ஒன்பதாம் அடி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, பதினாலாம் அடி மட்டும் சுருதி இறங்கின மாதிரி. ஒரு படியை இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் ஒலிக்க வைக்கலாம், பாதி தடவை மட்டும் என்று விதியிடமும் விடலாம். ஒரே ஒரு பம்பைச் சாம்பிளை வைத்து ராத்திரி முழுக்க விளையாடலாம். புதிது என்றால் இரண்டாவது மாடல் ஒரு ஸ்கூட்டர் விலையை நெருங்கும். நான் வைத்திருப்பது பழைய மாடல், அதுவும் செகண்ட் ஹேண்ட்.

அகாய் எம்பிசி ஒன் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். 7 அங்குலத் தொடுதிரை, பெரிய பேடுகள். விரலால் தட்டி வாசிப்பவருக்கு, முழுப் பாட்டையும் அதிலேயே முடிக்க நினைப்பவருக்கு அதுதான் சரி. தவில், பறை என்று ஏதாவது கை வாத்தியம் பழகியவர்கள் நேராக இதற்கே போகலாம், பேடு அவர்களுக்குப் பிறந்த வீடு. எனக்கு அது திரும்பவும் கணினி முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது, விற்றுவிட்டேன். உள்ளே பேட்டரி கிடையாது என்பதும் ஒரு காரணம்.

ரோலண்ட் எம்சி-101ஐ ஒரு நண்பரிடம் வாங்கி ஒரு மாதம் வைத்திருந்தேன். நாலு ட்ராக், கைப்பைக்குள் அடங்கும், ரோலண்டின் பழைய ஒலிகள் ஏராளம். ஆனால் குட்டித் திரையில் மெனுவுக்குள் மெனு. ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் வைத்து வாசிக்க நல்லது.

பெட்டி வாங்கக் காசு இல்லையென்றால் போனில் கோலா சாம்ப்ளர் என்ற செயலியைப் போட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். அதில் மூன்று பாட்டு முடித்தவர் பெட்டி வாங்கலாம். ஒன்றுகூட முடிக்காதவர் பெட்டி வாங்கினாலும் முடிக்க மாட்டார். என் மருமகனுக்கு இதைச் சொன்னபோது கோபம் வந்தது.

அடுத்தது கரண்ட். நெய்வேலி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது, கரண்டும் எங்கள் மாவட்டத்தில்தான் போகிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று கடலூர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது பெரிய கதை. சின்னக் கதை ஒன்று: பாண்டியில் ஒரு மாடி உணவகத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன், கூட்டம் நன்றாக ஏறியிருந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கப் பத்து வினாடி. ஆம்ப்ளிஃபயர் திரும்பி வந்துவிட்டது. என் பெட்டி திறந்து எழுவதற்குள் ஆட்கள் சாப்பாட்டுத் தட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். சாயங்காலம் முழுக்கச் செய்த மாற்றங்களைச் சேமிக்கவும் இல்லை, எல்லாம் போயிற்று. தப்பு என்னுடையதுதான்.

அதனால் பேட்டரியைக் கேளுங்கள். சர்க்யூட் ட்ராக்ஸ் உள்ளேயே இருக்கும் பேட்டரியில் நாலு மணி நேரம் வரை ஓடும். எம்சி-101 நாலு பென்சில் பேட்டரியில் ஓடும், கோர்க் வோல்கா வகைகள், ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2 எல்லாம் ஆறில் ஓடும். உள்ளே பொருத்திய பேட்டரி வசதிதான், ஆனால் நாலைந்து வருடத்தில் சோர்ந்துவிடும், மாற்றுவது லேசில்லை. பென்சில் பேட்டரி ராத்திரி பத்து மணிக்கும் பெட்டிக் கடையில் கிடைக்கும். டிஜிடாக்ட் மாதிரி அடாப்டரை மட்டும் நம்பும் பெட்டிக்கு, அதற்குத் தேவையான வோல்ட் தருகிற ஒரு சின்ன யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை ரூட்டருக்கு விற்பது சில பெட்டிகளுக்குப் போதும், சிலவற்றுக்கு ஆம்ப்பியர் போதாது. அடாப்டரின் வயிற்றில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

படிக்காமல் நான் பட்டது இது. அடாப்டர் முனையில் நடுக்கம்பி பிளஸா மைனஸா என்று ஒரு சின்ன வட்டக் குறி இருக்கும். கிட்டார் பெடல் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு மைனஸ். நான் அப்போது வைத்திருந்த பெட்டிக்கு நடு பிளஸ். இரண்டுமே 9 வோல்ட், முனையும் அழகாகப் பொருந்தியது. பெட்டியின் விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை, பிறகு சரியான அடாப்டரிலும் எரியவேயில்லை. முப்பது வருட மைக் செட் குடும்பத்தில் பிறந்தவன் செய்த வேலை. அப்பா இருந்திருந்தால் ஸ்பேனரால் அடித்திருப்பார்.

இனி நான் உண்மையிலேயே தெரிந்த இடம்: பெட்டியின் பின்பக்கம். வாங்குபவர்கள் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறார்கள். பின்னால் இருப்பதுதான் உங்கள் இசை கூட்டத்துக்குப் போகும் வழி.

முதலில் அவுட்புட் பெரிய கால் அங்குல ஜாக்கா, இயர்போன் மாதிரி சின்ன 3.5 மில்லிமீட்டரா என்று பாருங்கள். சின்ன ஜாக் வீட்டுக்குச் சரி. மேடையில் யாராவது ஒயரில் கால் தடுக்கினால் முதலில் உடைவது அந்த சாக்கெட்தான். மிடியிலும் இதே கதை. ஐந்து கால் வட்ட மிடி என்றால் எந்தக் கேபிளும் சேரும். சின்ன ஜாக் மிடியில் ஏ, பி என்று இரண்டு வகை இருந்தன, 2018இல்தான் ஏ வகையைப் பொது என்று முடிவு செய்தார்கள். அதற்கு முந்திய பெட்டி வாங்கினால் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று பார்க்காத சம்பந்திகள் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் மோனோ. நம் பக்கம் மண்டபங்களிலும் திருவிழாக்களிலும் பெரும்பாலும் மோனோதான் ஓடுகிறது, அதாவது எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. இடது பக்கத்தில் ஒரு சத்தம், வலது பக்கத்தில் ஒரு சத்தம் என்று ஹெட்ஃபோனில் நீங்கள் செய்த வேலைப்பாடு அங்கே காணாமல் போகும். ஒரு பக்க ஜாக்கை மட்டும் செருகினால் பாதி இசையே வராமல்கூடப் போகலாம். வாங்கும் முன் கையேட்டைப் பார்த்து, இடது ஜாக் தனியாக இருந்தால் இரண்டையும் சேர்த்துத் தருமா என்று தெரிந்துகொள்ளுங்கள். கையேடுகள் எல்லாம் இணையத்தில் இலவசம். பெட்டி வாங்கும் முன்பே கையேட்டைப் படிப்பவர் ஆயிரத்தில் ஒருவர், அவர் என்னிடம் ஆலோசனை கேட்க வருவதில்லை.

மோனோவே கிடைக்கிறது என்று தெரிந்தால் அதை லாபமாக்கிக்கொள்ளலாம். கிக்கை முழுவதும் இடதுக்குத் தள்ளுங்கள், மற்ற எல்லாவற்றையும் வலதுக்கு. இரண்டு ஒயரையும் மிக்ஸரில் இரண்டு தனிச் சேனலில் செருகுங்கள். இப்போது கிக்குக்குத் தனி வால்யூம், தனி ஈக்யூ. பதினெட்டு அங்குல பேஸ் பெட்டி அந்த ஊரில் எப்படி உறுமுகிறது என்று கேட்டு அதற்குத் தகுந்த மாதிரி வைக்கலாம். தனித் தனி அவுட்புட் இருக்கும் விலை உயர்ந்த பெட்டி செய்வதில் பாதியை இது செய்துவிடும். இதற்கு ட்ராக்குக்கு ட்ராக் பேன் (ஒலியை இடமோ வலமோ தள்ளும் வசதி) வேண்டும், எஃபெக்ட் கிக்கின் மேல் விழாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் வாங்கும்போதே பாருங்கள்.

யுஎஸ்பியில் கரண்ட் எடுக்கும் பெட்டியை லேப்டாப்பில் செருகி, அதே லேப்டாப்பையும் பெட்டியையும் மிக்ஸரில் இணைத்தால் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வரும். எர்த் சுற்றிக்கொள்வதால் வருவது, பெட்டியின் குறை அல்ல. பவர் பேங்கில் ஓட்டினால் நின்றுவிடும். ஒயர் நீளம் பத்து மீட்டரைத் தாண்டினால் டிஐ பாக்ஸ் (நீள ஒயரில் இரைச்சல் ஏறாமல் தடுக்கும் சின்னப் பெட்டி) போடுங்கள், அதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தப்பே இல்லை. ஆசையில் வாங்கி அலமாரியில் வைத்தவர்கள் நிறைய. ஆனால் நேரில் பார்த்து வாங்குங்கள். எல்லாப் பட்டனையும் ஒரு தடவை அழுத்துங்கள், ஒரு அழுத்தலுக்கு இரண்டு அடி விழுகிறதா என்று கேளுங்கள். குமிழை மெதுவாகத் திருப்பும்போது எண் முன்னும் பின்னும் குதித்தால் தேய்மானம். ஹெட்ஃபோன் ஜாக்கைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் சுங்க வரி தனியாக வரும், பழுதானால் பெட்டி மறுபடி கப்பல் ஏற வேண்டும். இங்கே கடலூரிலோ பாண்டியிலோ நம் ரிப்பேர்க்காரர்கள் ஜாக் மாற்றுவார்கள், சுவிட்ச் மாற்றுவார்கள். உள்ளே இருக்கும் சில்லு போனால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக உப்புக் காற்று. கடலுக்கு அரைக் கிலோமீட்டருக்குள் வீடு என்றால் ஜன்னலோர மேசையில் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள். ஃபேடர் கரகரக்க ஆரம்பிப்பதும் ஜாக் பச்சை பூப்பதும் அங்கேதான் தொடங்கும். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா, செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் நாலு. மழைக்காலம் முடிந்ததும் பொட்டலங்களை மாற்றுங்கள். என் டிஜிடாக்ட் அம்மாவின் பழைய அரிசி டப்பாவில்தான் தூங்குகிறது.

மருமகன் கடைசியில் தாளத்தைச் சொல்லி அனுப்பினான். மூன்று மூன்றாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போனேன். ஆறு மணிக்கு மேல் வண்டி ஓடாத பாண்டி பீச் ரோட்டில் கல்மேல் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஹெட்ஃபோன். டிஜிடாக்டில் பன்னிரண்டைக் கொண்டுவர அவனுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. சர்க்யூட் ட்ராக்ஸில் நாலு நிமிடம். சென்னையில் ஒருவரிடம் பழைய சர்க்யூட் ட்ராக்ஸ் கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் போய்ப் பார்க்கப் போகிறோம். பட்டன்களை நான் அழுத்திப் பார்க்கிறேன், பேரத்தை அவன் அம்மா போனில் பேசுவாள்.